உருகிய சொக்கெட்டும் எரியாத பியூசும்: வாகனப் பகுதி, வாசகர் கேள்வி பதில்

மாரி தொடங்கினால் ஹீற்றர் ஃபேன் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கும். கோடை முழுவதும் யன்னலைத் திறந்துவிட்டு ஓடியவர்களுக்கு, கண்ணாடி மூடிய மழைப் பயணத்தில்தான் ஃபேன் வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். முன் கண்ணாடியில் புகார் படிந்தால் எதிரே வருவது மாடா மோட்டார் சைக்கிளா என்று தெரியாது. ஆகவே இம்முறை இந்த ஒரு விடயத்துக்கே பக்கத்தை ஒதுக்கியுள்ளோம்.

செங்கலடி வாசகர்: ஐயா, எங்களிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் டீசல் கெப். பதுளை வீதியால் வெலிமடைக்குப் போய் மரக்கறி ஏற்றி வருகிறோம். ஹீற்றர் ஃபேன் முன்பு நான்கு வேகத்திலும் ஓடியது. பிறகு 4இல் மட்டும் ஓடியது. இப்போது அதுவும் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. கிளவ் பொக்ஸைக் கழற்றிப் பார்த்தால் மோட்டருக்குப் போகும் சொக்கெட் கறுத்து உருகியிருக்கிறது. வயரிங் பார்த்தவர் 20 அம்பியர் பியூசை எடுத்துவிட்டு 30 போட்டுத் தந்தார். பியூஸ் போகவில்லை, ஆனால் சொக்கெட் இன்னும் மோசமாகிவிட்டது. நானே சரிசெய்யலாமா?

பதில்: சரிசெய்யலாம். முதலில் அந்தப் பச்சை நிற 30 அம்பியர் பியூசைக் கழற்றி, பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் அளவையே போடுங்கள். 20 என்றால் மஞ்சள். பியூஸ் வைத்திருப்பது வயரைக் காப்பாற்ற. 20க்குக் கணக்குப் பார்த்துப் போட்ட வயரில் 30 பியூஸ் இருந்தால், பியூசுக்கு முன்னே வயர் சூடாகும். அந்த வயர் டாஷ்போட்டுக்குள் மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. தீப்பிடித்தால் கை எட்டாத இடம் அது.

உங்கள் சொக்கெட் உருகியதற்கு மின்னோட்டம் கூடியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. மோட்டர் 4ஆம் வேகத்தில் 15 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். சொக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, பச்சை பிடித்து, அந்த ஓர் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால் 15 × 15 × 0.1 = 22.5 வாற் சூடு அங்கே பிறக்கும். ஒரு சிறிய சோல்டரிங் அயனைச் சொக்கெட்டுக்குள் செருகி வைத்த மாதிரி. ஆனால் பியூஸ் வழியாகப் போவது அதே 15 அம்பியர்தான், சற்றுக் குறைவாகக்கூட இருக்கும். பியூசுக்கு இந்தச் சூடு தெரியவே தெரியாது. சூடானால் கவ்வியின் இறுக்கம் போகும், இறுக்கம் போனால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஓடும் வாகனங்களில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே தொடங்கிவிடும்.

1, 2, 3 வேலை செய்யாமல் 4 மட்டும் ஓடுவது வேறொரு பழுது. மோட்டருக்குப் பக்கத்தில், காற்றுப் பெட்டிக்குள் நீட்டியபடி ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். சுருள் கம்பிகள் கொண்ட சிறு தட்டு. குறைந்த வேகங்களுக்கு மின் அதன் வழியாகப் போகும், 4ஆம் வேகம் அதைத் தொடாது. ஆகவே உங்களுக்கு ரெசிஸ்டர் போயிருக்கிறது. அதை இரண்டு திருகாணியில் கழற்றி எடுக்கலாம். சுருள் அறுந்திருக்கலாம், அல்லது அதில் பற்றவைத்திருக்கும் சிறிய வெப்ப பியூஸ் போயிருக்கலாம். மீற்றரை 200 ஓமில் வைத்து முனைக்கு முனை அளந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் சில ஓமுக்குள் காட்ட வேண்டும். மீற்றரின் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் (மலிவு மீற்றரில் 0.3, 0.5 வரை வரும்) கழித்துக்கொள்ளுங்கள். எதுவும் காட்டாவிட்டால் அந்தப் பகுதி அறுந்தது.

வெப்ப பியூஸ் மட்டும் போயிருந்தால், அதில் எழுதியிருக்கும் பாகையும் அம்பியரும் ஒத்த இன்னொன்றைப் போடலாம். ஆனால் சாதாரணமாகச் சோல்டர் பிடித்தால் அந்தச் சூட்டிலேயே புதிய பியூசும் போய்விடும். நசுக்கிப் பிடிக்கும் சிறு குழாய் முனையால் இணைக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு துண்டு வயரை வைத்துப் பாலம் போடுவதை நாங்கள் ஒருபோதும் ஏற்கமாட்டோம். ஃபேன் இறுகி நின்றுவிட்டால் அந்தச் சுருள் சிவக்கும், பக்கத்தில் இருப்பது பிளாஸ்ரிக் பெட்டி. அதே காரணத்தால் ரெசிஸ்டரைக் காற்றுப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டு ஃபேனை நெடுநேரம் ஓட்டிப் பார்க்கவும் கூடாது. அது குளிர்வது ஃபேனின் காற்றால்தான்.

இனி வயரிங். வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். இக்னிஷன் போட்டு, ஃபேனை 4இல் வைத்து, சொக்கெட்டின் பின்புறமாக மீற்றரின் ஊசியைச் செருகி இரண்டு வயரையும் பொடி ஏர்த்துக்கு (வாகனத்தின் இரும்பு உடலுக்கு) எதிராக அளக்க வேண்டும். ஒன்றில் 12, மற்றதில் கிட்டத்தட்ட 0 இருந்தும் ஃபேன் ஓடாவிட்டால் பழுது மோட்டரில். இரண்டிலும் 12 இருந்தால் மோட்டருக்குள் மின் போய் வருகிறது, ஏர்த் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது: ரெசிஸ்டர் சொக்கெட், சுவிச் அல்லது ஏர்த் போல்ற். இரண்டிலும் 0 என்றால் பியூஸ், றிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச்) பக்கம் போங்கள். பழைய ஜப்பான் கெப்களில் பெரும்பாலும் மோட்டருக்கு நேர்மின் நேராக வரும், சுவிச் ஏர்த் பக்கத்தில்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் இக்னிஷனை மூடிவிட்டு, சுவிச்சுக்கு வரும் பொது வயருக்கும் பொடிக்கும் இடையில் ஓம் அளந்து பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் வந்தால் சுவிச் ஏர்த் பக்கம்.

ஓர் எச்சரிக்கை. நூல் போல ஒற்றை இழை மட்டும் மிஞ்சிய வயரிலும் மீற்றர் 12 வோல்ற் காட்டும். ஃபேன் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். பற்றரியின் நேர்முனைக்கும் மோட்டரின் நேர் வயருக்கும் இடையில் ஒரு தடவை, மோட்டரின் எதிர் வயருக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் அரை வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. ஒன்றில் 1 வோல்ற்றுக்கு மேல் வந்தால், அந்தப் பாதையில் ஒவ்வோர் இணைப்பாக ஊசியை நகர்த்திக்கொண்டு போங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது அளவு சட்டென்று மாறுகிறதோ, பழுது அதற்குள்தான்.

பழுதான சொக்கெட்டை மாற்றும் முறை இது. பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள் (10 மிமீ ஸ்பானர் போதும்). கறுத்த வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டுங்கள். சூட்டில் காப்பு விறைத்திருந்தால் 5 முதல் 8 செமீ வரை கூடப் போக வேண்டிவரும். கறுத்த செம்பில் சோல்டரும் பிடிக்காது, முனையும் நிற்காது. புதிய துண்டுக்கு 2.5 சதுர மிமீ ஓட்டோ வயர், கடையில் 50/0.25 என்று கேட்டால் தருவார்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயரும் அதே தடிப்புத்தான், ஆனால் ஏழே ஏழு கம்பி. அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும், வெளியே காப்பு முழுதாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. 1 சதுர மிமீ வயர் 3 மீற்றர் ஓடினால் 15 அம்பியரில் முக்கால் வோல்ற்றுக்கு மேல் அதிலேயே போய்விடும். 2.5இல் இழப்பு 0.3 அளவில் நிற்கும்.

பாவித்த சாமான் கடையில் அதே மொடலின் சொக்கெட்டை 10 செமீ வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். வாங்கும்போது கவ்வி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீலம் பாய்ந்தது சூடு கண்டது, வேண்டாம். சொக்கெட் கிடைக்காவிட்டால் 6.3 மிமீ ஸ்பேட் முனை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. குறட்டால் தட்டையாக நசுக்காமல் கிரிம்ப் குறடு பாவித்து, பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வயரோடு வயர் சேரும் இடத்தில் சோல்டர் பிடிப்பதானால் குங்கிலியப் பிளக்ஸ் உள்ள 60/40 ஈயம். தகர வேலைக்குப் பாவிக்கும் அசிட் பிளக்ஸ் பிடித்தால் இணைப்பு உள்ளிருந்தே அரிக்கும், இந்த ஈரக் காற்றில் அது நெடுநாள் தாங்காது. இரண்டு இணைப்பும் நேருக்கு நேர் வராமல் 3, 4 செமீ தள்ளித் தள்ளி வரட்டும். மேலே பசை உள்ள சுருங்கு குழாய். இன்சுலேசன் டேப்பை மட்டும் நம்பவேண்டாம், வெயிலில் நின்ற வாகனத்துக்குள் அதன் பசை இளகி டேப் வழுகிவிடும்.

இரண்டு வயரும் இடம் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். காற்று அப்போதும் வரும், ஆனால் பலம் இருக்காது. "மோட்டர் பழசாகிவிட்டது" என்று பலர் புது மோட்டர் வாங்குவது இப்படித்தான். வெட்டும் முன்னரே நிறத்தை எழுதி வையுங்கள்.

ஏர்த் போல்ற்றையும் விட்டுவிடாதீர்கள். இடதுபக்கக் கதவுக்கு உள்ளே, கால் பக்கத் தட்டின் பின்னால் பெரும்பாலும் இருக்கும். கழற்றி, வளையத்தையும் தகட்டையும் பளிச்சென்று சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. 4ஆம் வேகத்தின் முழு மின்னோட்டமும் சுவிச் வழியாகப் போவதால் பழைய சுவிச்சும் இதேபோல் உருகும். சுவிச் ஏர்த் பக்கத்தில் இருக்கும் வாகனத்துக்கு 40 அம்பியர் றிலே ஒன்றால் இதைத் தவிர்க்கலாம். சுவிச்சின் 4ஆம் வேக வயரை வெட்டுங்கள். சுவிச் பக்கத்து முனை றிலேயில் 85 என்று இலக்கமிட்ட முனைக்கு (கீழே வரும் 86, 30, 87 என்பனவும் முனை இலக்கங்களே). ரெசிஸ்டர் பக்கத்து முனையை மூடிக் கட்டிவிடுங்கள். 86 மோட்டரின் நேர் வயருக்கு, 30 மோட்டரின் எதிர் வயருக்கு, 87 புதிய 2.5 வயரால் பொடி ஏர்த்துக்கு. றிலேச் சுருள் 80 ஓம் என்றால் சுவிச்சுக்குப் போவது 0.15 அம்பியர் மட்டுமே. நேர்மின் பக்கத்தில் சுவிச் இருக்கும் வாகனத்துக்கு இந்த இணைப்புப் பொருந்தாது.

எல்லாம் முடிந்ததும் 4இல் 15 நிமிடம் ஓடவிட்டு சொக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாத சூடு என்றால் மோட்டர் அதிகம் இழுக்கிறது. அடுத்த பதிலையும் சேர்த்து வாசியுங்கள்.

சம்மாந்துறை வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் கெப் வயலுக்கும் ஆலைக்குமாக ஓடுவது. ஃபேன் ஓடாதபோது டாஷ்போட்டின் கீழே தட்டினால் ஓடுகிறது. கீச்சிடும் சத்தமும் வருகிறது. வயரிங்கா, மோட்டரா?

பதில்: வஅலைக்குமுஸ் ஸலாம். தட்டினால் ஓடுவது பெரும்பாலும் மோட்டரின் பிரஷ் (உள்ளே சுழலும் பகுதிக்கு மின் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்ததால். கீச்சிடுவது புஷ் (மோட்டரின் தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்ததால். மூன்று திருகாணியையும் சொக்கெட்டையும் கழற்றினால் மோட்டர் கீழே இறங்கும். பக்கத்தில் சிறிய றப்பர் குழாய் இருந்தால் நினைவில் வைத்துத் திரும்பப் போடுங்கள், மோட்டரைக் குளிரவைப்பது அதுதான்.

உங்கள் பகுதி வாகனங்களில் உமியும் வைக்கோல் தூசும் ஃபேனின் இதழ்களுக்குள் கட்டியாக அடைந்திருக்கும். ஒருபக்கம் பாரம் கூடினால் ஃபேன் அதிரும், அதிர்ந்தால் புஷ் தேயும், தேய்ந்தால் மோட்டர் சுற்றச் சிரமப்பட்டு அதிக அம்பியர் இழுக்கும். சொக்கெட்டும் ரெசிஸ்டரும் போவதில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. காற்றடித்தோ தூரிகையால் துடைத்தோ இதழ்களைச் சுத்தம் செய்து, விரலால் சுழற்றிவிடுங்கள். நல்ல மோட்டர் சில சுற்றுப் போய் மெதுவாக நிற்கும். உடனே நின்றால் புஷ் பிடிக்கிறது. தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி போதும். அதிகம் விட்டால் பிரஷில் ஊறி, கரித்தூளோடு குழம்பாகி வேறு பழுது வரும். துருவிளக்கும் ஸ்பிரே அடித்தால் இரண்டொரு நாள் சத்தம் நிற்கும், பிறகு முன்னிலும் மோசமாகும்.

பிரஷ் 5 மிமீக்கும் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் செம்பு வளையத்தை 600ஆம் இலக்க மணல் தாளால் துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செம்புக் கட்டைகளுக்கிடையில் சிக்கும்.

மோட்டருக்குள் துரு நீர் தெரிந்தால் மேலே பாருங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தில் வேப்பிலையும் முருங்கைப் பூவும் அடைத்து, மழைநீர் வடியும் ஓட்டை மூடியிருக்கும். அந்த நீர் போக வேறு வழியில்லாமல் ஃபேன் பெட்டிக்குள் இறங்குகிறது. அதைத் துப்புரவாக்காமல் மோட்டர் மாற்றுவது வீண் செலவு.

மோட்டரின் அம்பியரை அளக்க டிசி கிளாம்ப் மீற்றர் வேண்டும். சாதாரண மீற்றரின் 10 அம்பியர் துளையில் 4ஆம் வேகத்தை அளக்கப் போனால் மீற்றருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும்.

காத்தான்குடி வாசகர்: சுவிச்சை மூடினாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. இக்னிஷனை மூடினால்தான் நிற்கிறது. பியூஸ் போகவில்லையே, எப்படி இது ஷோட்டாகும்?

பதில்: ஷோட்தான். ஏர்த் பக்கத்தில் சுவிச் இருக்கும் வாகனத்தில், மோட்டருக்கும் சுவிச்சுக்கும் இடைப்பட்ட வயர் உரஞ்சிப் பொடியில் பட்டால், சுவிச் செய்ய வேண்டிய வேலையைப் பொடியே செய்துவிடும். மோட்டர் நடுவில் இருப்பதால் பியூஸ் போகாது. ரெசிஸ்டர் சொக்கெட்டைக் கழற்றுங்கள். ஃபேன் நின்றால் பழுது அதற்கும் சுவிச்சுக்கும் இடையில். நிற்காவிட்டால் மோட்டருக்கும் ரெசிஸ்டருக்கும் இடையில். கிளவ் பொக்ஸின் கீலும் டாஷ்போட்டின் தகட்டு விளிம்பும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

நேர்மின் பக்கம் பொடியில் பட்டால்தான் பியூஸ் போகும். போடப் போடப் பியூஸ் போனால் பியூஸ்களை வீணாக்காமல், மோட்டர் சொக்கெட்டைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் 21 வாற் பிரேக் பல்ப் ஒன்றை வயரால் இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். ஷோட் இருக்கும்வரை பல்ப் பிரகாசமாக எரியும், வயருக்கும் ஆபத்தில்லை. வயர்க் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்ப் அணைகிறதோ, அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

கல்முனை வாசகர்: ஃபேன் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் மழையில் கண்ணாடி புகார் பிடிக்கிறது. நுவரெலியா போனால் சூட்டுக் காற்றும் வருவதில்லை.

பதில்: உள்ளே இருக்கும் ஈரக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் புகார் போகாது. லீவரை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளுங்கள், காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏசி இருந்தால் அதையும் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். சூட்டு லீவரையும் சேர்த்துத் திறந்தால் இன்னும் விரைவாகத் தெளியும்.

சூடு வராததற்கு, எஞ்சின் சூடான பின் சூட்டு லீவரைத் திறந்து, எஞ்சின் அறையிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹீற்றர் ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் உள்ளே இருக்கும் காற்றுக் கதவின் கேபிள் கழன்றிருக்கிறது. ஒன்று சூடும் ஒன்று குளிருமாக இருந்தால் நீர் வால்வு திறக்கவில்லை, அல்லது ஹீற்றர் கோர் (சூட்டு நீர் ஓடும் சிறு ரேடியேட்டர்) அடைத்துவிட்டது. கூலன்ற் விடாமல் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓடிய வாகனங்களில் கோர் துருப்பிடித்து அடைப்பது வழமை. சிலவற்றில் கோர் ஒழுகியபோது இரண்டு ஹோஸையும் ஒரு குழாயால் ஒன்றாக இணைத்து விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். கண்ணாடியில் படிவது துடைத்தாலும் எண்ணெய்ப் பசைபோல் இழுபட்டு, இனிப்பான வாசமும் அடித்தால் அது மழையீரம் அல்ல. கோரிலிருந்து கூலன்ற் ஒழுகுகிறது, ரேடியேட்டரில் நீர் குறையும் முன் பாருங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: எனது சிறிய லொறி 24 வோல்ற். கெப்பின் 12 வோல்ற் ஃபேன் மோட்டரை, இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பற்றரி நாளும் குறையும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும், சில மாதங்களில் இரண்டும் போகும். 24 வோல்ற் மோட்டரும் அதற்குரிய ரெசிஸ்டரும் றிலேயும் சேர்த்து வாங்குங்கள். 12 வோல்ற் மோட்டரே கையில் இருந்தால், 20 அம்பியர் தாங்கும் 24இலிருந்து 12 மாற்றி ஒன்றைப் போட்டு, அதன் உள்வரும் வயரில் பற்றரிக்கு அருகிலேயே 15 அம்பியர் பியூஸ் வையுங்கள்.